நல்லவர்களுக்கு மட்டும் திறக்கிற ஓட்டை எங்கும் இல்லை: சட்டம் எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மசோதா எழுதும் அமைச்சர்களே, அதற்குக் கைதூக்கும் உறுப்பினர்களே, அவர்களுக்குக் குறிப்பு தயாரித்துக் கொடுக்கும் அதிகாரிகளே,

வணக்கம். எந்த நாட்டில் உட்கார்ந்து இதைப் படிக்கிறீர்கள் என்பது பெரிய விஷயமில்லை. ஏனென்றால் சில ஆண்டுகளாக நீங்கள் எல்லோரும் ஒரே பிரிவைத்தான் வேறு வேறு பெயரில் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். ஒரு நாட்டில் அது இணையப் பாதுகாப்புச் சட்டம், இன்னொரு இடத்தில் குழந்தைகள் பாதுகாப்பு ஒழுங்குமுறை, வேறொரு இடத்தில் தகவல் தொழில்நுட்ப விதி, மற்றோர் இடத்தில் பயங்கரவாதத் தடுப்புத் திருத்தம். பெயரைத் தள்ளிவைத்துவிட்டு உள்ளே போய்ப் பார்த்தால் கேட்பது ஒன்றுதான்: இரண்டு பேர் தங்களுக்குள் பேசிக்கொள்வதை, தேவைப்பட்டால் மூன்றாவது ஆள் பார்க்க ஒரு வழி வேண்டும். நல்ல காரியத்துக்கு மட்டும்தான் அதைத் தொடுவோம், அதுவும் நீதிமன்ற ஆணையோடுதான் தொடுவோம் என்று கூடவே ஒரு உறுதிமொழியும் தருகிறீர்கள்.

அந்த உறுதிமொழியை நான் முழுசாக நம்புகிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நேர்மையைச் சந்தேகித்து இந்த மடலை எழுதவில்லை. நீங்கள் கேட்கிற வழி, வந்து நிற்பவர் நேர்மையானவரா என்று பார்த்துத் திறக்காது என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. குழந்தைகளை வதைத்து எடுத்த படங்கள் இந்தச் செயலிகள் வழியாகக் கைமாறுவது உண்மை. ஆள் கடத்துகிறவர்களும் போதைப்பொருள் விற்கிறவர்களும் இவற்றைப் பயன்படுத்துவதும் உண்மை. இதையெல்லாம் கண்டுகொள்ளாமல் அந்தரங்கம், அந்தரங்கம் என்று மட்டும் பேசுகிறவர்களோடு எனக்கும் ஒத்துப்போவதில்லை. பாதிக்கப்பட்ட குழந்தையின் பெற்றோர் முன்னால் நின்று உங்களால் பேச முடியாத ஒரு வாதத்தை நானும் பேச விரும்பவில்லை. ஆனால் பிரச்சினை உண்மையானது என்பதாலேயே நீங்கள் எழுதும் தீர்வும் சரியானதாகிவிடாது.

என்கிரிப்ஷன், அதாவது மறையாக்கம், எப்படி வேலை செய்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அனுப்புகிறவர் போனிலேயே செய்தி பூட்டப்படுகிறது, பெறுகிறவர் போனில் மட்டும்தான் திறக்கிறது, நடுவில் இருக்கும் நிறுவனத்தின் சர்வரில் போய்ப் பார்த்தால் அர்த்தமில்லாத எழுத்துக் குவியல்தான் கிடைக்கும். வாட்ஸ்அப் 2016 ஏப்ரலில் எல்லாப் பயனர்களுக்கும் இதைக் கொண்டுவந்தது. ஃபேஸ்புக் மெசஞ்சர் தனிப்பட்ட உரையாடல்களுக்கு 2023 டிசம்பரில்தான் இதைத் தானாகவே அமலாகும்படி செய்யத் தொடங்கியது. சாவி நிறுவனத்திடம் இல்லை. அதனால் நீங்கள் ஆணையைக் காட்டிக் கேட்கும்போது ‘எங்களிடம் எதுவும் இல்லை’ என்று கையை விரிக்கிறார்கள், உங்களுக்குக் கோபம் வருகிறது. கோபம் புரிகிறது, ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் பொய் சொல்லவில்லை. உடனே, சாவி இருக்கும்படி செய் என்று சட்டம் போடக் கிளம்பிவிடுகிறீர்கள். 2017இல் ஆஸ்திரேலியப் பிரதமராக இருந்த மால்கம் டர்ன்புல், கணித விதிகள் பாராட்டத்தக்கவைதான், ஆனால் ஆஸ்திரேலியாவில் செல்லுபடியாவது ஆஸ்திரேலியச் சட்டம் மட்டும்தான் என்று செய்தியாளர்களிடம் சொன்னார். அடுத்த ஆண்டே சட்டமும் வந்தது. கணிதம் அதற்குக் கட்டுப்பட்டதாக இதுவரை செய்தி இல்லை.

இப்போது ஏதென்ஸுக்கு வருகிறேன். மசோதாவை அவையில் வைப்பதற்கு முன் நீங்கள் ஒரே ஒரு சம்பவத்தைப் படிக்க நேரம் ஒதுக்க முடியும் என்றால், இதைப் படியுங்கள்.

2004 ஆகஸ்ட், ஏதென்ஸில் ஒலிம்பிக் நடந்த சமயம். கிரேக்கப் பிரதமர் கோஸ்டாஸ் கரமன்லிஸ், அவர் மனைவி, மூத்த அமைச்சர்கள், ஏதென்ஸ் மேயர் என்று நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் கைபேசிகளை யாரோ ஒட்டுக்கேட்கத் தொடங்கினார்கள். எல்லாம் வோடஃபோன் கிரீஸ் நிறுவனத்தின் எண்கள். ஒருவருடைய போனிலும் கை வைக்கவில்லை, யார் வீட்டிலும் புகவில்லை. அந்த நிறுவனத்தின் இணைப்பகத்தில் எரிக்சன் செய்த சாதனங்கள் இருந்தன. அவற்றின் மென்பொருளில், காவல்துறை சட்டப்படி ஒட்டுக்கேட்பதற்கென்றே ஒரு வசதி இருந்தது, பல நாடுகளின் சட்டம் கேட்கிறது என்பதால் உள்ளே வைக்கப்பட்ட வசதி. வேடிக்கை என்னவென்றால், வோடஃபோன் கிரீஸ் அந்த வசதியை இயக்குவதற்கான மேலாண்மை மென்பொருளை வாங்கவே இல்லை. வசதி உள்ளே சும்மா கிடந்தது. வந்தவர்கள் தங்கள் சொந்த நிரலை நுழைத்து அதைத் தட்டி எழுப்பினார்கள். மேலாண்மை மென்பொருள் இல்லாததால் யார் யாரை ஒட்டுக்கேட்கிறார்கள் என்ற பதிவு எங்கும் விழவில்லை. பிரதமர் பேசும்போதெல்லாம் அந்தப் பேச்சின் நகல் ஒன்று வேறொரு ப்ரீபெய்ட் கைபேசிக்குப் போய்க்கொண்டிருந்தது.

மாதக்கணக்கில் இது நடந்தது. எப்படி மாட்டியது தெரியுமா? யாரும் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. 2005 ஜனவரியில் அந்த ஆட்கள் தங்கள் நிரலைப் புதுப்பிக்கப் போய், ஏதோ பிசகி, சிலருடைய குறுஞ்செய்திகள் போய்ச் சேராமல் நின்றன. அதைப் பற்றி விசாரிக்கப் போனபோதுதான் உள்ளே அந்நிய நிரல் ஒன்று உட்கார்ந்திருப்பது தெரிந்தது. நிறுவனம் அதை அவசரமாக நீக்கியதில் ஆட்களைப் பிடிக்கும் வாய்ப்பும் போனது. நாட்டு மக்களுக்கு விஷயம் தெரிந்தது 2006 பிப்ரவரியில். பிறகு நிறுவனத்துக்கு 7 கோடியே 60 லட்சம் யூரோ அபராதம் விதித்தார்கள். அபராதம் போட்டு என்ன, ஒலிம்பிக் சமயத்தில் ஒரு நாட்டின் பிரதமர் பேசியதை எவனோ கேட்டது கேட்டதுதான்.

இதில் எந்தச் சங்கேதத்தையும் உடைக்க வேண்டிய தேவையே அவர்களுக்கு வரவில்லை. காவல்துறைக்காகக் கட்டி வைத்த வழி தயாராக இருந்தது, அதில் நடந்து போனார்கள். அவ்வளவுதான்.

பழைய கதை, இப்போது தொழில்நுட்பம் மாறிவிட்டது என்று சொல்வீர்கள். சரி, 2024க்கு வருவோம். அமெரிக்காவில் கேலியா என்றழைக்கப்படும் சட்டம் 1994இல் வந்தது. தொலைபேசி நிறுவனங்கள் எல்லாம், அரசு ஆணையோடு வந்தால் ஒட்டுக்கேட்கும் வசதியைத் தங்கள் வலையமைப்பிலேயே கட்டி வைத்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். இன்று நீங்கள் செயலிகளிடம் கேட்பதைத்தான் அன்று அவர்கள் தொலைபேசி நிறுவனங்களிடம் கேட்டார்கள். முப்பது ஆண்டு கழித்து, சால்ட் டைஃபூன் என்று பெயரிடப்பட்ட, சீன அரசோடு தொடர்புடையதாகச் சொல்லப்படும் ஊடுருவல் குழு, அமெரிக்காவின் பெரிய தொலைபேசி நிறுவனங்களுக்குள் புகுந்திருப்பது வெளியே வந்தது. பெரும் எண்ணிக்கையில் அழைப்பு விவரங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். அரசியலிலும் அரசுப் பணியிலும் இருக்கும் சிலருடைய பேச்சும் செய்தியும் அவர்கள் கைக்குப் போயின. நீதிமன்ற ஆணையின் பேரில் காவல் அமைப்புகள் கேட்டிருந்த தகவல்களில் சிலவும் நகலெடுக்கப்பட்டிருக்கின்றன என்று எஃப்.பி.ஐ.யும் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசாவும் 2024 நவம்பரில் கூட்டாகவே அறிவித்தன. அதாவது, வேவு பார்க்கக் கட்டிய அறைக்குள்ளேயே வேவுக்காரன் வந்து உட்கார்ந்துவிட்டான்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. என்கிரிப்ஷனால் குற்றவாளிகள் கண்ணில் படாமல் போகிறார்கள் என்று பல ஆண்டுகளாகப் புலம்பி வந்த அதே அமெரிக்க அரசு இயந்திரம், 2024 டிசம்பரில், முக்கியப் பொறுப்பில் இருப்பவர்கள் முனைக்கு முனை மறையாக்கம் உள்ள செயலிகளை மட்டும் பயன்படுத்துங்கள் என்று எழுத்துப்பூர்வமாக வழிகாட்டுதல் வெளியிட்டது. உளவு அமைப்பான என்.எஸ்.ஏ.வின் தலைவராக இருந்த மைக்கேல் ஹேடன் பல ஆண்டுகளுக்கு முன்பே, உடைக்க முடியாத என்கிரிப்ஷன் இருப்பதுதான் அமெரிக்காவுக்கு நல்லது என்று வெளிப்படையாகப் பேசியவர். அவர் ஒன்றும் குடிமக்கள் உரிமைப் போராளி இல்லை என்பது உங்களுக்கே தெரியும்.

‘சாவியைப் பத்திரமான இடத்தில் வைத்துவிட்டால்?’ என்று உங்கள் கூட்டங்களில் யாராவது ஒருவர் தவறாமல் கேட்பார். அதையும் செய்து பார்த்தாயிற்று. 1993இல் அமெரிக்க அரசு, தொலைபேசிப் பேச்சைப் பூட்டும் கிளிப்பர் என்ற சில்லை அறிமுகப்படுத்தியது. என்.எஸ்.ஏ. வடிவமைத்தது. ஒவ்வொரு சில்லின் சாவியையும் இரண்டாகப் பிரித்து இரண்டு அரசு அலுவலகங்களில் வைப்பார்களாம், ஆணை வந்தால் இரண்டையும் சேர்த்துத் திறப்பார்களாம். அடுத்த ஆண்டே மேட் பிளேஸ் என்ற ஆய்வாளர், அரசு தரப்புக்கு வழிவிடும் அந்தப் பகுதியைச் சரிபார்க்கும் எண் வெறும் 16 பிட் நீளம்தான், 65,536 சாத்தியங்கள்தான், கணினியை வைத்து முயன்றால் போலி ஒன்றைத் தயாரித்து அரசை ஏமாற்றிவிடலாம் என்று காட்டினார். உலகத்திலேயே இந்த வேலையை நன்றாகத் தெரிந்தவர்கள் கட்டியதற்கு இந்தக் கதி. திட்டம் சில ஆண்டுகளில் ஓசையில்லாமல் மூடப்பட்டது.

இன்னொன்றும் உண்டு. ஜூனிப்பர் நிறுவனத்தின் ஃபயர்வால் சாதனங்களில், சாவிகளைத் தயாரிக்க உதவும் சீரற்ற எண் உருவாக்கி ஒன்று இருந்தது. அது, தன் மாறிலியை, அதாவது உள்ளே நிலையாக வைக்கப்பட்ட எண்ணை, தேர்ந்தெடுத்தவருக்கு மட்டும் பின்வாசல் திறக்கும் தன்மை கொண்டது என்று நிபுணர்கள் முன்பே சந்தேகப்பட்ட வகையைச் சேர்ந்தது. 2015 டிசம்பரில், தங்கள் நிரலில் யாரோ அனுமதியில்லாமல் கை வைத்திருக்கிறார்கள் என்று அந்த நிறுவனமே அறிவித்தது. ஆராய்ந்து பார்த்ததில், வந்தவர்கள் புதிதாக எதையும் கட்டவில்லை, அந்த மாறிலியை மாற்றித் தங்களுடையதைப் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. வாசல் ஏற்கெனவே இருந்தது, பூட்டை மட்டும் மாற்றிக்கொண்டார்கள்.

இதையெல்லாம் கேட்டுக் கேட்டு உங்களில் கெட்டிக்காரர்கள் பேச்சை மாற்றியிருக்கிறீர்கள். என்கிரிப்ஷனைத் தொடவே மாட்டோம், செய்தி பூட்டப்படுவதற்கு முன்னால் போனிலேயே ஒரு நிரல் அதைச் சோதித்துப் பார்த்துவிடும், சந்தேகப்பட்டால் தகவல் அனுப்பும், மற்றபடி எல்லாம் பழையபடியே இருக்கும் என்கிறீர்கள். ஐரோப்பிய ஆணையம் 2022 மே மாதம் கொண்டுவந்த முன்மொழிவு இந்த வழியைத்தான் திறந்துவிட்டது. ஏற்கெனவே அறியப்பட்ட படங்கள், இதுவரை யாரும் பார்க்காத புதுப் படங்கள், குழந்தைகளை வசப்படுத்தும் நோக்கில் எழுதப்படும் பேச்சு ஆகிய மூன்றையும் தேட உத்தரவிடலாம் என்றது. மூன்றாவதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பேச்சைச் சோதிக்க வேண்டும் என்றால் எல்லாப் பேச்சையும் படிக்க வேண்டும். வீட்டில் பேசுவதையெல்லாம் கேட்க ஒரு ஆளைச் சமையலறையில் உட்காரவைத்துவிட்டு, தபாலை மட்டும் நாங்கள் பிரிக்கவே மாட்டோம் என்று சொல்வதைப் போன்றது இது.

அந்த நிரல் எதைத் தேடுகிறது என்று போன் வைத்திருப்பவருக்குத் தெரியவும் தெரியாது. படங்களின் கைரேகை மாதிரியான எண்களின் பட்டியல்தான் உள்ளே இருக்கும், அந்த எண்ணைப் பார்த்து இது எந்தப் படம் என்று யாராலும் சொல்ல முடியாது. பட்டியலைப் பிரித்துக் காட்டுங்கள் என்று கேட்கவும் முடியாது, ஏனென்றால் அதற்குப் பின்னால் இருப்பது காட்டக் கூடாத படங்கள். ஆக, நாளைக்கு அதில் ஒரு போராட்டச் சுவரொட்டியோ, ஒரு அமைச்சரைக் கிண்டல் செய்யும் கேலிச்சித்திரமோ சேர்ந்தால் கண்டுபிடிக்க வழியே கிடையாது. நீங்கள் சேர்க்கமாட்டீர்கள், சரி. உங்களுக்கு அடுத்து அந்த நாற்காலியில் உட்காருகிறவர்?

ஆப்பிள் இதைச் செய்து பார்க்க முயன்றது. 2021 ஆகஸ்ட் தொடக்கத்தில் அறிவித்தது. இரண்டு வாரத்துக்குள், போனில் ஏற்கெனவே இருந்த அந்தக் கைரேகை நிரலை வெளியே எடுத்து, முற்றிலும் வேறான இரண்டு படங்களுக்கு ஒரே எண் வருவதை வெளியாட்கள் செய்து காட்டிவிட்டார்கள். எதிர்ப்பு கிளம்பியது, நிறுவனம் தள்ளிப்போட்டது, 2022 டிசம்பரில் கைவிட்டது. ஆள், பணம், தொழில்நுட்பம் எல்லாம் வைத்திருந்த நிறுவனமே வேண்டாம் என்று ஒதுக்கியதை நீங்கள் சட்டத்தின் மூலம் எல்லோருக்கும் கட்டாயமாக்கப் பார்க்கிறீர்கள்.

கணக்கும் ஒத்துவராது. ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன், ஒரு செயலியில் நாளொன்றுக்கு 100 கோடி படங்கள் போவதாக வைத்துக்கொள்வோம். உங்கள் நிரல் அபாரமானது, ஆயிரத்தில் ஒன்றைத்தான் தவறாகப் பிடிக்கும் என்றும் வைத்துக்கொள்வோம். தினமும் 10 லட்சம் அப்பாவிப் படங்கள் ஒரு அதிகாரியின் மேசைக்கு வரும். கடற்கரையில் விளையாடும் குழந்தை, குளிக்கும்போது சிரிக்கும் குழந்தை, காதலர்கள் தங்களுக்குள் அனுப்பிக்கொண்டது என்று எல்லாம். இவற்றை முன்பின் தெரியாதவர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள். உண்மையான குற்றத்தைத் துப்பறிய வேண்டிய ஆட்கள் இந்தக் குவியலைத் தள்ளிக்கொண்டிருப்பார்கள்.

தவறாகப் பிடிபட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் ஒரு தகப்பன், 2021இல், தன் சின்னப் பையனுக்கு உடம்பில் வீக்கம் என்று மருத்துவருக்கு அனுப்பப் படம் எடுத்தார். மருத்துவமனை தரப்பில்தான் படம் கேட்டார்கள், கொரோனா காலம், நேரில் போக முடியாது. படம் கூகுள் சேமிப்பில் ஏறியது, தானியங்கிச் சோதனை அதைக் குழந்தை வதைப் படம் என்று குறித்தது, கணக்கு முடக்கப்பட்டது, காவல்துறைக்குத் தகவல் போனது. அவருடைய மின்னஞ்சல், தொடர்பு எண்கள், பையன் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள், தொலைபேசி எண் எல்லாம் அந்த ஒரே கணக்கில் இருந்தன. காவல்துறை விசாரித்து, குற்றம் எதுவும் நடக்கவில்லை என்று வழக்கை மூடியது. கூகுள் கணக்கைத் திருப்பித் தரவில்லை. கவனியுங்கள், இங்கே காவல்துறை தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. அப்படியும் அவருக்கு எதுவும் திரும்பி வரவில்லை.

‘முதலில் அனுப்பியவர் யார் என்று மட்டும் சொல்லுங்கள், உள்ளடக்கம் எங்களுக்கு வேண்டாம்’ என்று ஒரு மென்மையான கோரிக்கையும் உண்டு. இந்தியாவின் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளில் இது இருக்கிறது. 50 லட்சத்துக்கு மேல் பயனர்கள் உள்ள செய்திச் செயலிகள், கேட்கும்போது ஒரு செய்தியை முதலில் உருவாக்கியவரை அடையாளம் காட்ட வேண்டும். வாட்ஸ்அப் நீதிமன்றம் போனது. கேட்க எளிமையாக இருக்கிறது, ஆனால் நாளைக்கு எந்தச் செய்தியைப் பற்றிக் கேட்பீர்கள் என்று இன்றைக்குத் தெரியாதே. அதனால் எல்லோருடைய எல்லாச் செய்திக்கும், யார் அனுப்பியது என்ற அடையாளத்தை முன்கூட்டியே சேமித்து வைத்தால்தான் இது நடக்கும். அப்படிச் செய்தும் குற்றவாளி கிடைப்பாரா என்றால் அதுவும் சந்தேகம். ஒருவன் வதந்தியை வேறொரு தளத்திலிருந்து நகலெடுத்து இங்கே ஒட்டினால் ஒட்டியவன்தான் முதல் ஆள். ஒரு எழுத்தை மாற்றி அனுப்பினால் அது புதுச் செய்தி. முதல் ஆள் வெளிநாட்டில் இருந்தால், நாட்டுக்குள் முதலில் அனுப்பியவரையே முதல் ஆளாகக் கருத வேண்டும் என்று விதியே சொல்கிறது. பதறிப்போய், இது உண்மையா என்று கேட்பதற்காகத் தன் அண்ணனுக்கு அனுப்பிய ஒரு பெண் அந்த முதல் ஆளாக இருக்கலாம். தெரிந்தே பரப்புகிறவன் தப்பிக்கும் வழியையும் தெரிந்து வைத்திருப்பான்.

நீங்கள் கோபப்படக்கூடிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஐரோப்பிய முன்மொழிவு உறுப்பு நாடுகளிடையே பேச்சுவார்த்தையில் இருந்தபோது, 2024இல் சுற்றுக்கு வந்த வரைவு ஒன்றில் ஒரு விலக்கு நுழைந்தது. தேசியப் பாதுகாப்பு, சட்டம் ஒழுங்கு, ராணுவம் ஆகிய பணிகளுக்காக அரசு பயன்படுத்தும் கணக்குகளுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. ஏன் பொருந்தாது? அந்த நிரல் பாதுகாப்பானது, தவறாகப் பிடிக்காது, வெளியாட்கள் உள்ளே நுழைய மாட்டார்கள் என்றுதானே எங்களுக்குச் சொன்னீர்கள்? ரகசியம் உள்ள இடத்தில் இதை வைத்தால் ஆபத்து என்று உங்கள் ஆட்களுக்குத் தெரிந்திருக்கிறது. வழக்கறிஞருக்கும் அவரிடம் வருகிறவருக்கும் இடையே ரகசியம் இல்லையா? மருத்துவருக்கு? அடிக்கிற கணவனிடமிருந்து தப்பிக்க இடம் தேடிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு? அமைச்சகத்துக்குள் நடக்கும் ஊழலைப் பத்திரிகையாளரிடம் சொல்ல வருகிற, உங்கள் அமைச்சகத்தின் குமாஸ்தாவுக்கு? கடைசி ஆளை வேண்டுமென்றுதான் சேர்த்தேன்.

ஐரோப்பிய நாடுகள் 2025 இறுதியில் கட்டாயச் சோதனையைத் தங்கள் நிலைப்பாட்டிலிருந்து எடுத்துவிட்டன. நல்ல செய்திதான். ஆனால் இந்த மாதிரிப் பிரிவுகள் ஒருமுறை தோற்றால் வேறு பெயரில் திரும்பி வருவதைப் பார்த்துப் பழகிவிட்டது.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது இதில் இருக்கும் ஒளிவுமறைவு. பிரிட்டனின் 2016 புலனாய்வு அதிகாரங்கள் சட்டத்தின்படி அரசு ஒரு நிறுவனத்துக்குத் தொழில்நுட்ப அறிவிப்பு, அதாவது தரவைப் பெற வழி வைத்திருக்கச் சொல்லும் உத்தரவு, கொடுத்தால், அறிவிப்பு வந்ததைக்கூட அந்த நிறுவனம் வெளியே சொல்லக் கூடாது. 2025 தொடக்கத்தில் ஆப்பிளுக்கு அப்படி ஒன்று போயிருப்பது பத்திரிகைகளில் கசிந்துதான் உலகத்துக்குத் தெரிந்தது. அந்த பிப்ரவரியிலேயே ஆப்பிள், கிளவுட் சேமிப்பை முழுசாகப் பூட்டும் வசதியை பிரிட்டன் பயனர்களுக்கு நிறுத்தியது. ஒரு நாட்டின் மக்கள், மற்ற நாட்டவருக்குக் கிடைக்கும் பூட்டு தங்களுக்கு இல்லை என்ற நிலைக்கு வந்தார்கள். அதைப் பற்றி அவர்கள் நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்து அப்படி ஆகவில்லை, ஒரு கடிதம் போய் அப்படி ஆனது. அந்த அறிவிப்பை எதிர்த்து ஆப்பிள் போட்ட வழக்கின் அடிப்படை விவரங்களைக்கூட ரகசியமாக வைக்க வேண்டும் என்று அரசு கேட்டதை அந்த ஏப்ரலில் தீர்ப்பாயம் ஏற்கவில்லை. அதுவரைக்கும் நல்லது.

நீங்கள் எழுதும் பிரிவை வேறு யார் எழுதியிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். 2017இல் ரஷ்யாவின் உளவு அமைப்பான எஃப்.எஸ்.பி., ஆறு பேர் மீதான விசாரணைக்காக அவர்களுடைய செய்திகளைத் திறக்கத் தேவையானதைக் கொடு என்று டெலிகிராமுக்கு உத்தரவிட்டது. ஆறே பேர்தான், பயங்கரவாத வழக்கு, கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனது. அந்த ஆறு பேருக்காகச் செய்தாலும் எல்லாப் பயனர்களின் மறையாக்கத்தையும் பலவீனப்படுத்தாமல் செய்ய முடியாது, இது ஜனநாயக சமூகத்துக்குத் தேவையானதாகக் கொள்ள முடியாத, அளவுக்கு மீறிய கோரிக்கை என்று 2024 பிப்ரவரி 13 அன்று அந்த நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. உங்கள் மசோதாவை அந்தத் தீர்ப்புக்குப் பக்கத்தில் வைத்துப் படித்துப் பார்க்கச் சொல்லி உங்கள் சட்டத்துறையிடம் கேளுங்கள்.

அப்படியென்றால் குற்றவாளிகளை விட்டுவிடுவதா என்று கேட்பீர்கள். விடச் சொல்லவில்லை. 2020இல் பிரெஞ்சு, டச்சு காவல்துறைகள், குற்றக் கும்பல்கள் விரும்பி வாங்கிய என்குரோசாட் என்ற போன் சேவைக்குள் புகுந்தன. அதன் விளைவாக 6,558 பேர் கைதானதாக ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோல் 2023இல் சொன்னது. 2021இல் எஃப்.பி.ஐ. தானே அனோம் என்ற ‘ரகசிய’ போனை நடத்திக் கும்பல்களுக்கு விற்கவைத்து 800க்கும் மேற்பட்டவர்களைப் பிடிக்க வழிசெய்தது. இந்த முறைகளிலும் சட்டக் கேள்விகள் இருக்கின்றன, என்குரோசாட் ஆதாரங்கள் பல நாட்டு நீதிமன்றங்களில் சவாலுக்கு உள்ளாயின, நானும் எல்லாவற்றையும் கைதட்டி வரவேற்கவில்லை. ஆனால் உலகத்தில் இருக்கும் எல்லோருடைய போனையும் பலவீனமாக்காமலேயே இவ்வளவும் நடந்திருக்கிறது. சந்தேகப்படும் ஆளின் போனை ஆணையோடு கைப்பற்றுவது, யார் யாரோடு எப்போது பேசினார் என்ற விவரத்தைப் பெறுவது, பெறுகிறவரே புகார் கொடுக்கும்போது அந்தச் செய்தியைக் கையில் வாங்கிக்கொள்வது என்று வேறு வழிகளும் உண்டு. இவற்றுக்கு ஆள் வேண்டும், பயிற்சி வேண்டும், பணம் வேண்டும். சட்டப் பிரிவு ஒன்றை எழுதுவது இதையெல்லாம்விட மலிவு, அதுதான் உங்களுக்கு இருக்கும் ஆசை என்று எனக்குத் தோன்றுகிறது.

கேட்பதைக் கேட்டுவிடுகிறேன். மசோதாவை எழுதும் முன், உங்கள் நாட்டின் இணையப் பாதுகாப்பு அமைப்பிடம் ஒரே ஒரு கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: இந்த வசதியை வெளிநாட்டு உளவு அமைப்பு கைப்பற்றினால் என்ன ஆகும்? அந்தப் பதிலை மசோதாவோடு சேர்த்து அவையில் வையுங்கள். செயலிகளுக்கு ஒரு உத்தரவு கொடுத்தால், எத்தனை உத்தரவு, எந்தப் பிரிவின் கீழ் என்றாவது ஆண்டுதோறும் வெளியிடுங்கள், வாயைப் பூட்டும் விதியை நீக்குங்கள். குழந்தை வதைக் குற்றங்களை விசாரிக்கும் பிரிவில் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள், வந்த புகார்களில் எத்தனை பிரிக்கப்படாமலே கிடக்கின்றன என்பதைச் சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் இன்னும் 10 லட்சம் புகாரை வரவழைக்கச் சட்டம் போடுவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

அப்புறம் அந்த விலக்கு. உங்கள் வரைவிலும் அது இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். இருந்தால் அதை அடித்துவிட்டு, அமைச்சர்கள், உறுப்பினர்கள், காவல்துறை, ராணுவம் என்று எல்லாருடைய போனுக்கும் முதல் நாளிலிருந்தே பொருந்தும் என்று திருத்தி, பிறகு வாக்கெடுப்புக்கு விடுங்கள். எத்தனை கை தூக்குகிறது என்று பார்ப்போம்.

இப்படிக்கு,
நீங்கள் வைத்திருக்கும் அதே செயலியை வைத்திருக்கும் ஒரு குடிமகன்